கருவுற்றவளும் நம் பிரசங்கமும்: ஒரு திறனாய்வு

நம் திருச்சபைகளின் பிரசங்க பீடங்களில் கருக்கலைப்பைப் பற்றிப் பேசப்படும் வேளைகள் அரியன. பேசப்படும்போதோ, கொலையை விலக்கும் கட்டளையும், 139-ஆம் சங்கீதமும், எரேமியாவின் அழைப்பும் அடுத்தடுத்து எடுத்தாளப்பட்டுத் தீர்ப்புக் கூறப்படுகிறது. அத்துடன் செய்தி முடிகிறது. கருவுற்றவள் அச்செய்தியில் எங்கும் தோன்றுவதில்லை. இவ்விதமான வாசிப்பைத் திருமறையின் ஒளியிலேயே சீர்தூக்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒட்டன்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்திற்கு நாள்தோறும் காய்கறி அனுப்பும் பெருஞ்சந்தையாலும், 1955-இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனையாலும் அறியப்பட்ட ஊர் அது. இத்தகைய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்லும் பெண், கைக்குழந்தை பால்குடி மறவாத நிலையில் மீண்டும் கருவுறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன் நிற்கும் கேள்விகள் யாவை? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. கணவன் என்ன சொல்வான்? மாமியார் என்ன சொல்வார்? செலவுக்கு யாரிடம் கைநீட்டுவது? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை கண்ட பின்னரே அவள் தன் மனச்சாட்சியின் குரலைக் கேட்க இயலும். அதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. மணமாகாத பெண்ணின் நிலையோ இதனினும் கொடிது.

இது ஓரூரின் கதையன்று. 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரைகளால் நிகழ்ந்தன என்றும் 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவையைச் சார்ந்திருக்க, ஆண்களின் அறுவையைச் சார்ந்தோர் 0.3 விழுக்காட்டினரே. அறுவைக்கு முந்திய ஆண்டுகளில் பாதுகாப்புக் குறைவு. அறுவையின் சுமையும் அவள் உடலின்மேலேயே. முடிவெடுக்கும் உரிமை குறைந்தவளிடம் விளைவு முழுவதும் சேர்கின்றது.

நாட்டின் சட்டமும் அவளை மெதுவாகவே கண்டுகொண்டது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை முறை பயனற்றுப்போனதால் உண்டான கருவைக் குறிப்பிட்டபோது மணமான பெண்ணையும் அவள் கணவனையும் மட்டுமே எண்ணியது. 2021-ஆம் ஆண்டின் திருத்தமே அதனை எப்பெண்ணுக்கும் உரியதாக்கியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரங்கள் வரையிலான காலத்திலும் மணமாகாதவளை விலக்குதல் தகாது எனத் தீர்ப்பளித்தது. வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும் என்பது சட்டம். ஆயினும் கணவனின் கையொப்பம் கேட்கும் வழக்கம் பல இடங்களில் ஒழியவில்லை.

இனி, திருமறைக்கு வருவோம். 139-ஆம் சங்கீதம் ஒரு சட்டவிதியன்று. தன்னை முற்றும் அறிந்த தேவனுக்கு முன் ஒருவன் ஏறெடுக்கும் ஜெபம். அதனைப் பிறர்மேல் தீர்ப்பாக வீசுவோர் அதன் இலக்கிய வகையையே மறந்துவிடுகின்றனர். எரேமியாவின் முதலாம் அதிகாரமும் ஒரு தீர்க்கதரிசியின் அழைப்பைக் கூறுவதேயன்றி மருத்துவ விதி கூறுவதன்று. யாத்திராகமம் 21:22-இல், சண்டையிடும் ஆண்களால் கர்ப்பவதி அடிபடுகிறாள். எபிரெய மூலம் கருச்சிதைவைக் குறிக்கிறதா, குறைப்பிரசவத்தைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர் வேறுபடுவர். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்போ, உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு எனப் பிரித்துத் தண்டனையையும் வேறுபடுத்துகிறது. ஆதிமுதலே இவ்விடத்தில் ஒரே குரல் இருந்ததில்லை என்பதை மாணவர் அறிதல் நலம். அபராதத்தைக் கேட்பவன் கணவன். அடிபட்டவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

மாறாக, நாம் அரிதாகவே பிரசங்கிக்கும் பகுதிகள் இரண்டு உண்டு. ஆதியாகமம் 38-இல், தாமார் கர்ப்பவதியென்று கேட்டவுடன் யூதா அவளைச் சுட்டெரிக்கும்படி கட்டளையிடுகிறான். முத்திரையும் கோலும் அவன் முன் வைக்கப்பட்ட பின்னரே, தன்னிலும் அவள் நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்கிறான். இன்றும் நம் சபைகளில் அவளிடம் கேள்வி கேட்கப்படுகிறது. கோலுக்கு உரியவனை எவரும் தேடுவதில்லை. ஆதியாகமம் 16-இல், கருவுற்று வனாந்தரத்திற்கு ஓடிய ஆகாரை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிப்பவர் கர்த்தருடைய தூதனே. கட்டளை அதற்குப் பின்னரே வருகிறது.

அப்படியாயின் கருவின் உயிர் அற்பமோ எனச் சிலர் வினவலாம். அன்று. உயிர் தேவனுடைய ஈவு என்பதில் நமக்கு ஐயமில்லை. பெண் சிசுவென்று அறிந்து கருவை அழித்த கொடுமையைத் தடுக்க 1994-இல் தனிச்சட்டமே தேவைப்பட்ட நாடு இது. அங்கும் பெரும்பாலும் குடும்பத்தின் விருப்பமே அவள் விருப்பமென்று வழங்கப்பட்டது. ஆகவே, பெண்ணின் தெரிவு என்று நாம் கண்டிப்பது பலவேளை தெரிவே இல்லாமையாகும். தெரிவற்றவளைக் கண்டிப்பதால் உயிர் காக்கப்படுவதில்லை. அவள் ஆயரிடம் வராமல் மாத்திரைக் கடைக்குச் செல்வாள், அவ்வளவே.

ஆதலால் ஆயர்களே, இறையியல் மாணவர்களே, அடுத்தமுறை இப்பொருளில் பிரசங்கிக்குமுன் மூன்றனைச் செய்வோமாக. திருமண ஆயத்தப் போதனையில் கருத்தடைப் பொறுப்பை ஆண்களுக்கும் கற்பிப்போம். பெண் மருத்துவர், செவிலியர் ஆகியோரைப் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களுக்கு அழைத்துச் சட்டத்தையும் உடல்நலத்தையும் விளக்கச் செய்வோம். நம்மிடம் கூறப்பட்டதை மூப்பர் அவைக்குக் கொண்டுசெல்லாது காப்போம். ஆகாரை விசாரித்த அக்கேள்வியைக் கேட்கக் கல்லாத வாய்க்கு, 139-ஆம் சங்கீதத்தை வாசிக்கும் தகுதி இன்னும் வரவில்லை.