இலங்கை வானொலியின் இசையும் மலைநாட்டுச் செவியும்

வானொலி நிலையமொன்று தன் இசைமுறையை மாற்றும்போதெல்லாம் அதற்கு நேயர் விருப்பமே காரணமெனக் கூறுதல் வழக்கம். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வரலாற்றை ஆராயுமிடத்து, இக்கூற்றுப் பாதியே உண்மை என்பது புலனாகும். கண்டியையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் உரைகல்லாகக் கொண்டு இதனை நோக்குதல் பொருத்தமாம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பேராதனையில் அமைந்தது. அப்படையினருக்கென இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பு, போர் முடிந்தபின் 1949இல் இலங்கை அரசுக்குரியதாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தோன்றியது. 1952இல் கேஸ்கர் இந்திய ஒலிபரப்பு அமைச்சரானபின், அகில இந்திய வானொலி திரையிசையை ஒடுக்கிச் சாஸ்திரீய இசைக்கு முதலிடம் நல்கியது. அங்கே அணையிட்ட வெள்ளம் இங்கே மடை திறந்து பாய்ந்தது. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளரின் குரல் கடல் கடந்தும் புகழ்பெற்றது. 1957இல் விவித பாரதியைத் தொடங்கவேண்டிய நிலை இந்தியாவுக்கு ஏற்பட்டமை இதன் செல்வாக்குக்குச் சான்றாகும். எனவே, திரையிசை ஓங்கியமைக்கு நேயர் விருப்பத்தோடு அயல்நாட்டுக் கொள்கையும் விளம்பர வருவாயும் காரணங்களாயின.

உள்நாட்டு ஆக்கங்களை ஊக்கும் கொள்கை நிலவிய 1970களில், ஈழத்துக் கவிஞரின் சொல்லும் இசைஞரின் பண்ணும் மெல்லிசைப் பாடல்களாக வானொலியில் ஒலித்தன. 1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றவே, திரையிசை மீண்டும் அரியணை ஏறியது. கொள்கையும் வருவாயும் மாறிய போதெல்லாம் இசையும் மாறியது.

இம்மாற்றங்களுள் மலைநாட்டு மக்கள் பெற்றது யாது? தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டு, கோப்பிக் காலந்தொட்டு வந்த தொழிற்பாட்டு எனப் பெருஞ்செல்வம் அவர்களிடம் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று அவற்றுட் பலவற்றைத் தொகுத்தார். ஆயினும் சாஸ்திரீய இசையோ, திரையிசையோ, மெல்லிசையோ முதன்மை பெற்ற எந்தக் காலத்திலும், இப்பாடல்கள் வானொலியின் நடுவிடத்தைப் பெற்றில. விழாநாளில் விருந்தினர்போல் வந்து சென்றன.

இதனால் திரையிசையைப் பழித்தல் நேர்மையன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, லயத்து அறையில் ஒலித்த தமிழ்ப் பாட்டு ஆறுதலாயிற்று. தமிழுலகத்தோடு அவர்களைப் பிணித்த கயிறாயிற்று. பள்ளிக்கூட வாய்ப்புக் குறைந்தோர்க்கு நல்ல தமிழுச்சரிப்பைக் கற்பித்த ஆசானும் வானொலியே. குறை திரையிசையிலன்று, அதனையன்றிப் பிறிதொன்றைக் கேட்க இடமளியாமையிலேயே உள்ளது. செவி கேட்டதையே விரும்பும். கேளாத பாட்டை நேயர் எங்ஙனம் விரும்பிக் கேட்பர்? ஆதலின் நேயர் விருப்பம் என்பது நிலையத்தார் கண்டறிவது மட்டுமன்று. அவர்களே நாள்தோறும் உருவாக்குவதுமாகும்.

நாட்டார் பாடலைக் கேட்போர் இலர் என்பார்க்குப் பேராதனையே விடை கூறும். பாமரர் கலையெனப் படித்தோர் ஒதுக்கிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு செம்மைப்படுத்தி மேடையேற்றினார். படித்தோரும் அதனைப் போற்றினர். கலை மாறவில்லை, அதற்குக் கிடைத்த இடமே மாறியது. அத்தகைய இடத்தை மலையகப் பாடலுக்கு வானொலி இன்னும் நல்கவில்லை.

ஒப்பாரியையும் தாலாட்டையும் நெஞ்சிற் சுமந்த மூதாட்டியர் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். பதிவு செய்யாத பாடல் அவர்களோடு மறையும். பதிவு செய்தும் ஒலிபரப்பாத பாடல் பெட்டகத்திற் கிடந்து மறையும். மக்கள் கேட்பதைக் கொடுத்தல் வணிகம். மக்கள் கொடுத்ததை அவர்களையே கேட்கச் செய்தல் பண்பாடு. ஒரு வானொலியின் இசைமுறையை அளக்க இவ்விரண்டாவது கோலையும் கையிற்கொள்ளல் வேண்டும்.