மொழி இறப்பும் இல்ல வழக்கும்

ஒரு மொழி வழக்கொழிந்து போவதற்கு அறிஞர் சிலர் இரு காரணங்கள் கூறுவர். இலக்கிய வளம் இன்மை ஒன்று. ஆள்வோர் ஆணை மற்றொன்று. இவை எத்துணைப் பொருந்தும் என்பதை அயர்லாந்தின் ஐரிஷ் மொழி வரலாறு கொண்டு ஆராய்தல் தகும்.

முதற் காரணம் ஐரிஷ் மொழிக்குப் பொருந்துமாறு இல்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் தொடங்கும் ஓகம் கல்வெட்டுகளை உடையது அம்மொழி. மேலை ஐரோப்பிய மக்கள் மொழிகளுள் மிகத் தொன்மையான இலக்கியம் உடையவற்றுள் அதுவும் ஒன்று. எனினும் 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அதனைப் பேசினோர் ஏறத்தாழ 15 இலக்கம் பேரே. இது மக்கள் தொகையில் காற்பங்கினும் குறைவு. தொன்மை அதனைக் காக்கவில்லை.

இரண்டாம் காரணம் ஒருபுடையே பொருந்தும். 1366இல் இயற்றிய கில்கெனிச் சட்டம், அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பேசுதலைத் தடுத்தது. ஆயினும் குடியேறியோர் பலர் ஐரிஷ் பேசுவோராகவே மாறினர். 14ஆம் நூற்றாண்டில் தோற்ற ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டில் வென்றது எவ்வாறு? இடைப்பட்ட காலத்தில் புலவரைப் புரந்த குறுநில மன்னர் நிலம் இழந்தனர். நீதிமன்றமும் வணிகமும் ஆங்கிலத்தின் வழிப்பட்டன. 1831இல் ஏற்பட்ட தேசியப் பள்ளிகளும் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலக்கம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் கடல் கடந்தனர். ஐரிஷ் மிக வழங்கிய மேற்குப் பகுதியே பெரிதும் நலிந்தது. பிழைக்கும் வழி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உளது எனக் கண்ட பெற்றோர், மக்களிடம் ஆங்கிலமே பேசத் தலைப்பட்டனர். பசியிடைச் செய்த அத்தேர்வு குறித்து அவரைப் பழித்தல் முறையன்று.

ஆணையால் மட்டும் மொழி அழியாதது போலவே, ஆணையால் மட்டும் மீள்வதும் இல்லை. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சி மொழியாக்கியது. பள்ளிகளும் அதனைக் கற்பிக்கின்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அதனைப் பேச வல்லோம் என்றவர் ஏறத்தாழ 18.7 இலக்கம் பேர். கல்விக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் பேசுவோரோ ஏறத்தாழ 72,000 பேரே. கற்ற மொழி வேறு. வாழும் மொழி வேறு என்பது இதனால் விளங்கும்.

ஆகவே நூற்பெருக்கமும் தொன்மையும் ஒரு மொழியின் நேற்றைய நிலையைக் காட்டுவன. அதன் நாளைய நிலையை அறிய விரும்புவோர், தாய் தன் குழவியிடம் எம்மொழியில் பேசுகிறாள், அம்மொழியால் அக்குழவி வாழ இயலும் என நம்புகிறாளா என்னும் இரண்டையும் ஆராய்தல் வேண்டும்.