நன்றியும் பட்டமும்

தமிழில் எழுதப்படும் உரைநடையில் மிகவும் சோம்பேறித்தனமானது நன்றியுரை. கவிதைத் தொகுப்பின் முதல் பக்கத்தில், ஆய்வேட்டின் முகப்பில், புத்தகம் கிடைத்தது என்று தெரிவிக்கும் கடிதத்தில், எங்கும் ஒரே வாக்கியங்கள். பெயரை மாற்றிவிட்டால் ஒருவருக்குச் சொன்ன நன்றி இன்னொருவருக்கும் பொருந்திவிடும். இதை வெறும் மரியாதைப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நம்மிடையே விமர்சனம் என்ற பெயரில் நடமாடுவதில் பெரும்பகுதி நன்றிக் கடிதம்தான். அதுவும் மோசமான நன்றிக் கடிதம்.

குறளின் பதினோராவது அதிகாரத்தின் தலைப்பு செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி என்பது பிறர் செய்த நன்மை. பெற்றவனுடைய பங்கு அதை 'அறிதல்'. இன்று நன்றி என்ற சொல் வாயால் சொல்லப்படும் ஒரு சடங்குக்குப் பெயராகிவிட்டது. மேடைகளில் வந்தனோபசாரம் போய் நன்றியுரை வந்தபோது வடமொழி போனதே தவிர சடங்கு போகவில்லை. வரி செலுத்துவதைப் போல நன்றியையும் 'செலுத்துகிறோம்'. செலுத்தியதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அறிதல் என்ற பாதியைத்தான் விட்டுவிட்டோம். எது செய்யப்பட்டது, அது எனக்குள் எதை மாற்றியது என்பது அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அதியமான் தன்னைப் பார்க்காமலே பரிசை அனுப்பியபோது, காணாமல் தந்ததை வாங்கிப்போக நான் பொருளுக்கு வந்த வியாபாரி இல்லை என்று மறுக்கிறார். குமணன் தந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவியிடம், யாருக்கு என்று பார்க்காமல், என்னையும் கேட்காமல் எல்லோருக்கும் கொடு என்கிறார். இரண்டும் நன்றியின் இலக்கணம்தான். முதலாவது, கொடுப்பவன் வாங்குபவனைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, வாங்கியது வாங்கியவனிடமே தேங்கக் கூடாது.

கடலூர்ச் சீமையில் இதற்கு நெருக்கமான இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1860களில் வடலூருக்குப் பக்கத்திலுள்ள கருங்குழியில் இருந்தபடி இராமலிங்கர், இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. பாடல்களை அச்சேற்ற முதலியார் துடிக்கிறார். பாடல்கள் வந்து சேரும்வரை தினம் ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் வேறு. இராமலிங்கர் அந்த விரதத்தை விடச் சொல்லி எழுதுகிறார். சாதாரண நலம் விசாரிக்கும் கடிதத்தின் தொனிதான். ஆனால் பக்தர் காட்டிய தீவிரத்தை வாங்கிக் கொண்டாடாமல், அவர் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிற தொனி அது. தன்னை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவதற்குத் தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது என்றும் எழுதுகிறார். அவர் கையெழுத்துப் போட்டது 'சிதம்பரம் இராமலிங்கம்' என்றுதான். ஊரும் பெயரும் போதும் என்று இருந்திருக்கிறார்.

நண்பர்களுக்கு அது போதவில்லை. 1867இல் நூல் வெளிவந்தபோது தொழுவூர் வேலாயுத முதலியார் ஆசிரியருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று பட்டம் சூட்டினார். நூலுக்குத் திருவருட்பா என்று பெயர். திருவருட்பா வரலாறு என்று செய்யுளில் ஒரு பகுதியையும் பாடிச் சேர்த்தார். அதில் நூல் வெளிவந்த கதையும் உதவியவர்களும் இடம்பெறுகிறார்கள். அது இன்றும் பயனுள்ள ஆவணம். உதவியதை அறிந்து பதிவு செய்தவரை நல்ல நன்றியுரை. பட்டம் வேறு வகை. அது அறிதலைத் தாண்டி, பெறுபவரை அவருடைய அளவிலிருந்து தூக்கி வேறோர் இடத்தில் வைக்கிறது. அவர் கேட்காத இடத்தில்.

சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலருக்கு இந்தப் பெயர்கள் பொறுக்கவில்லை. தேவார திருவாசகங்களுக்குரிய இடத்தைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குத் தருவதா என்பது அவர் கேள்வி. போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கின் நேர்க்காரணம் அந்த வருஷம் சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தின் பேச்சு. தீட்சிதர்களோடு நாவலருக்கிருந்த பூசலும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் சண்டையின் வேர் முகப்புப் பக்கத்துச் சொற்களில்தான் இருந்தது. இருவரும் மறைந்த பிறகும் அது இருபதாம் நூற்றாண்டுக்குள் நீண்டது. இத்தனை கண்டனங்களுக்கு நடுவே அந்தப் பாடல்கள் கவிதையாக எப்படி இருக்கின்றன என்று பேசியவர்கள் எத்தனை பேர்? நண்பர்கள் பட்டத்தைக் காத்தார்கள், எதிரிகள் பட்டத்தைத் தாக்கினார்கள். பாடல் ஓரமாக நின்றது.

மாறாக உ. வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளலாம். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றின் முகவுரையில் ஏடுகள் யாரிடமிருந்து வந்தன, அவற்றில் எது குறைந்திருந்தது என்று சொல்கிறார். அந்த முகவுரை மரியாதைக்காக எழுதியது மட்டுமல்ல. ஏடு தந்தவரின் பெயரும் ஏட்டின் குறையும் ஒரே இடத்தில் பதிவாகின்றன. தந்தவருக்கு அதனால் அவமானம் இல்லை. அவர் தந்தது உன்னிப்பாகப் படிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. நம் பாடவிமர்சனம் இப்படிப்பட்ட நன்றியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

நம் காலத்துக்கு வரலாம். சிதம்பரத்தில் பல காலம் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனிக்கும் பெயர் வைத்தவர் இன்னொருவர்தான், மணிக்கொடியின் பி. எஸ். ராமையா. அந்தப் பெயர் பட்டமாகவில்லை, கதைகளோடு ஒட்டிக்கொண்டது. பட்டம் வேறு திசையிலிருந்து வந்தது. கடலூர்த் திருப்பாப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். சொன்னவரைப் பொறுத்தவரை அது ஒரு வாசகனின் கண்டுபிடிப்பு. அதற்குப் பின் வந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அட்டைக் குறிப்பாக்கிவிட்டார்கள். மௌனி எழுதியதே சுமார் 24 கதைகள். அவற்றைப் படித்துவிட்டு அந்த ஒப்பீடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று கேட்பதைவிட அந்தத் தொடரை உச்சரிப்பது சுலபம்.

இன்று கவிதைத் தொகுப்புகள் பெரும்பாலும் நண்பர்களுக்குத்தான் போகின்றன. முன்பு தபால் கார்டில் 'கிடைத்தது, நன்றி, படித்துவிட்டு எழுதுகிறேன்' என்று வரும். பின்னால் ஒன்றும் வராது. இப்போது வாட்ஸப்பில் கூப்பிய கைகள் வருகின்றன, அதற்கு அந்த மூன்று பொய்கூடத் தேவையில்லை. சிலர் கடிதத்தை நீட்டி விமர்சனம் என்று பத்திரிகைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வருஷம் தன் தொகுப்பு வரும்போது இவர் எழுதுவார் என்ற எதிர்பார்ப்பு அதன் எல்லா வரிகளிலும் தெரிகிறது. கொடுத்ததை இருவருக்கிடையே சுழலவிடும் இந்த வழக்கம் பெருஞ்சித்திரனார் மறுத்த வியாபாரம்தான்.

நன்றிக் கடிதத்துக்கு விதிகள் வேண்டுமென்றால் எனக்கு மூன்று போதும். எந்தக் கவிதை, எந்த வரி என்று சொல்ல வேண்டும். எழுதியவரை அவருடைய ஊரிலும் பெயரிலும் இருக்க விட வேண்டும். பதிலுக்கு எதையும் கேட்கக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்து எழுதப்படும் கடிதத்தில் 'இந்த வரி நிற்கவில்லை' என்ற வாக்கியமும் வரக்கூடும். அந்த வாக்கியம் வரும்போது கடிதம் விமர்சனமாகிவிடுகிறது. நன்றியாகவும் இருந்துகொண்டேயிருக்கிறது. புத்தகம் அனுப்பியவர் காத்திருப்பது அதற்குத்தான். இல்லையென்றால் அவர் புத்தகம் அனுப்பியதில் அர்த்தமில்லை.