ராமானுஜம் பரப்பு: எண்ணிக்கைக்குள் அடங்காத ஒரு கணிதர்

ராமானுஜம் என்றதும் நமக்குக் கும்பகோணத்துக்காரர்தான் நினைவுக்கு வருவார். நான் எழுதப்போவது இன்னொருவரைப் பற்றி. சி.பி. ராமானுஜம் 1938இல் சென்னையில் பிறந்தார். லயோலா கல்லூரியில் படித்து, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். மனநோயோடு போராடிக்கொண்டே வேலை செய்தவர், 1974இல் 36 வயதில் இறந்துபோனார். குறைவாகவே எழுதினார்.

கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தை ஒட்டி இருப்பதால் ஆய்வு மாணவர்களின் பேச்சு காதில் விழும். யார் என்ன கண்டுபிடித்தார் என்பதைவிட யாருடைய எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்பதுதான் அதிகம் அடிபடுகிறது. “அண்ணே, உங்க மௌனிக்கு எச்-இண்டெக்ஸ் போட்டா இருபத்து நாலத் தாண்டாது” என்றான் ஒரு தம்பி. கேலிதான், ஆனால் கணக்கு சரி. மௌனி எழுதிய கதைகளே 24. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் தந்த இந்த அளவுகோலில், ஒருவருக்குப் பத்து கிடைக்க வேண்டுமென்றால் அவருடைய பத்துக் கட்டுரைகளாவது தலா பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டுரையை உலகமே பயன்படுத்தினாலும் உங்கள் எண் ஒன்றுதான். இது ஒரு விமர்சன முறை என்றால், குறைவாக எழுதியவரைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது.

ராமானுஜம் 1971இல் ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். வடிவியலும் டோபாலஜியும் சந்திக்கும் இடம் அது. கேள்வி எளிமையானது. ஒரு தளத்தை, கிழிக்காமல் ஒட்டாமல், ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். அப்படியானால், சமன்பாடுகளால் உருவாகும் வழுவழுப்பான பரப்பு ஒன்றும் அதேபோலச் சுருங்கினால், அதுவும் தளம்தானா? (இங்கே தளம் என்பது சிக்கலெண்களால் ஆனது. நம் கணக்கில் அதற்கு நான்கு பரிமாணம்.) ஆமாம் என்று சொல்லத்தான் தோன்றும். இல்லை என்றார் ராமானுஜம். சுருங்கும், ஆனால் தளம் அல்ல என்று ஒரு பரப்பையே கட்டிக் காட்டினார். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் வெகு தொலைவுக்குப் போக வேண்டும். தளத்தில் எவ்வளவு தூரத்தில் ஒரு கயிற்றை வளையமாகப் போட்டாலும், உள்ளே வராமல் அங்கேயே வைத்துச் சுருக்கிவிடலாம். ராமானுஜத்தின் பரப்பில் தொலைவில் போட்ட சில வளையங்கள் சிக்கிக்கொள்ளும். அவர் அதோடு நிற்கவில்லை. தொலைவிலும் சிக்கல் இல்லையென்றால் அது நிச்சயம் தளமே என்றும் நிறுவினார். ஒரே கட்டுரையில் தவறான ஊகத்தை உடைத்து, சரியான நிபந்தனையையும் கையில் கொடுத்துவிட்டார்.

இன்று அதன் பெயர் ‘ராமானுஜம் பரப்பு’. ஒருவரின் பெயர் பாடத்தின் சொல்லாகவே மாறிவிட்டால், அதைப் பயன்படுத்துகிறவர் மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிடுகிறது. புகழ் கூடக்கூட எண் கூடாமல் போகிற விசித்திரம் இது. இன்னொன்று: டேவிட் மம்ஃபோர்டு பம்பாயில் ஆற்றிய உரைகள் 1970இல் ‘அபேலியன் வெரைட்டீஸ்’ என்ற நூலாக வந்தபோது, அவற்றை எழுத்தாக்கியதில் ராமானுஜத்தின் பங்கு பெரிது. அந்த நூலை மேற்கோள் காட்டும்போது கணக்கு மம்ஃபோர்டின் பெயரில்தான் ஏறும். எண்ணுகிறவருக்கு இந்த உழைப்பு தெரியாது. படிக்கிறவருக்குத் தெரியும்.

கணித உலகம் இதைச் சொல்லாமல் இல்லை. பன்னாட்டுக் கணித ஒன்றியம் பங்கேற்ற குழு ஒன்று 2008இலேயே மேற்கோள் புள்ளிவிவரங்களை நம்பி ஆளை எடைபோடுவதை எதிர்த்து அறிக்கை தந்தது. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களைப் பட்டியலிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் கணிதப் பிரிவையே பட்டியலிலிருந்து நீக்கியது. சிறிய துறை, மேற்கோள்களும் குறைவு. ஒரு சிலர் கைகோத்துக்கொண்டால் எண்ணை ஏற்றிவிட முடியும்.

ஆனாலும் எண்ணைத் தூக்கியெறி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிபாரிசுக் கடிதம் இல்லாத, அப்பாவுக்கு யாரையும் தெரியாத தோட்டத்துப் பிள்ளைக்கு, நேர்காணல் மேசையில் நீட்டுவதற்கு அந்த எண்ணாவது இருக்கிறது. எண் வருவதற்கு முன்னால் எல்லாரும் படித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஆளைப் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. எண் வேண்டாம் என்பவருக்கு ஒரு கடமை இருக்கிறது: அவர் படித்தாக வேண்டும்.

இலக்கியத்தில் நாம் மட்டும் யோக்கியமா? எத்தனை பதிப்பு, எத்தனை விருது, எத்தனை லைக் என்றுதானே நாமும் பேசுகிறோம்? மௌனி இன்றும் வாசிக்கப்படுவது யாரோ எண்ணியதால் அல்ல. புதுமைப்பித்தன் முதல் பலர் அந்தக் கதைகளைப் படித்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதால். ராமானுஜத்துக்கும் அதுதான் நடந்தது. இத்தனை பேர் வந்துபோனார்கள் என்று மேற்கோள் எண்ணிக்கை சொல்லும். வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்வதற்குத்தான் விமர்சகர் வேண்டும்.