ஜாவரின் மண்குடுவை

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே, ஆரவல்லி மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஜாவர். ஈயம், துத்தநாகம், வெள்ளி மூன்றும் தந்த சுரங்கம். பாறையை நெருப்பால் சுட்டு, விரிசல் விடச் செய்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

என்னை வியக்க வைப்பது அவர்கள் துத்தநாகத்தை வசப்படுத்திய விதம். அது 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். தாதுவிலிருந்து பிரிக்கவோ அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அதனால் உலையில் அது ஆவியாகத்தான் வெளிப்படும். காற்றுப் பட்டால் வெள்ளைப் பொடியாகி வீணாகும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, கத்தரிக்காய் வடிவ மண்குடுவை. வறுத்த தாதுவை உருட்டி உள்ளே நிரப்பினார்கள். நடுவில் ஒரு குச்சியைச் செருகி, வாயில் மண்குழாயைப் பொருத்தி, துளையிட்ட தட்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஓர் உலைக்கு 36 குடுவைகள். தாது இறுகும்வரை குச்சி அதைக் கொட்டாமல் தாங்கும். குச்சி எரிந்தபின் அந்தத் துளை வழியாக ஆவி கீழே இறங்கி, குளிர்ந்த அறையில் உலோகமாகச் சேரும். ஒரு சாதாரணக் குச்சிக்கு இரண்டு வேலை!

ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல். ஜாவர் உலைகள் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. பயன்படுத்திய குடுவைகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. உதய்ப்பூர் போகிறவர்கள் ஏரி, அரண்மனையோடு திரும்பிவிடாமல், ஜாவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.