ப்ரூஜ்: காதல் நகரத்துக்கு அடியில் ஒரு கொலை

பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்துக்கு ஜோடியாகப் போக இரண்டு நாள் திட்டம் வேண்டும் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். எதைத் திறந்தாலும் அதே வரிசைதான். கால்வாயில் அரை மணி நேரப் படகு, ரோசன்ஹூட்காய் கரையில் ஒரு புகைப்படம், போனிஃபாசியஸ் பாலத்தில் ஒரு முத்தம், ‘காதல் ஏரி’ மின்னவாட்டரில் அன்னங்கள், பெகெய்ன்ஹோஃப் வளாகத்தில் அமைதியான நடை, கடைசியில் சாக்லேட்டும் பீரும். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்லவே முடியாது.

அந்த ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தத் திட்டங்கள் எதைச் சொல்லாமல் விடுகின்றன, அதனால் போகிறவர்களுக்கு என்ன நஷ்டம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பாலம். போனிஃபாசியஸ் பாலத்தைப் படத்தில் பார்த்தால் அறுநூறு வருஷம் பழசு என்று சத்தியம் செய்யத் தோன்றும். பாசி படிந்த கல், வளைந்த கைப்பிடிச்சுவர், பின்னால் மாதா கோயில் கோபுரம். ஆனால் அது 1910ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. மைய சதுக்கத்தில் கம்பீரமாக நிற்கும் மாகாண மன்றக் கட்டடமும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கியதுதான். பழைய ஊர் இன்னும் பழசாகத் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் திட்டம் போட்டே கோதிக் பாணியில் புதிதாகக் கட்டினார்கள், பழையதைத் திருத்தினார்கள்.

அடுத்து ஏரி. மின்னவாட்டர் கால்வாய்களின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தப் பயன்பட்ட தேக்கம். நம் ஊர்க் கண்மாய்க்கு மதகு போல அங்கே மதகு வீடும் உண்டு. ‘மின்ன’ என்ற சொல்லுக்குப் பழைய டச்சு மொழியில் காதல் என்று பொருள் இருப்பதால் கதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று காட்டுக்குள் ஓடிய மின்னா, காதலன் வந்து சேர்வதற்குள் தளர்ந்து அவன் கையிலேயே உயிரை விடுகிறாள். இந்த ஏரிப் பாலத்தைச் சேர்ந்து கடந்தால் காதல் நிலைக்குமாம். செத்துப்போன ஒருத்தியின் கதையிலிருந்து இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பெகெய்ன்ஹோஃப் இன்னும் வேடிக்கை. 1245இல் நிறுவப்பட்ட அந்த வளாகம், கல்யாணமும் வேண்டாம், கன்னிமாடத்தின் நிரந்தர விரதமும் வேண்டாம் என்று தனித்து, ஆனால் சேர்ந்து வாழ்ந்த பெண்களுடையது. சம்பாதித்து, ஜெபித்து, தங்கள் வீட்டுக் கதவைத் தாங்களே பூட்டிக்கொண்டவர்கள். 1927 முதல் பெனடிக்ட் சபைக் கன்னியர் அங்கே இருக்கிறார்கள். ஆண் துணை இல்லாமல் வாழ முடியும் என்று காட்டிய இடத்தை ஜோடிகளுக்கான பட்டியலில் சேர்க்கும்போது, அதைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ரோசன்ஹூட்காய். கால்வாய் வளைவு, மணிக்கூண்டு, தண்ணீரில் நிழல் என்று ப்ரூஜின் அஞ்சலட்டைப் படமே அந்த இடம்தான். அதற்குப் பிரெஞ்சில் கே து ரோசேர் என்று பெயர். 1892இல் ஜார்ஜ் ரோடன்பாக் எழுதிய ‘ப்ரூஜ்-லா-மோர்த்’ நாவலின் நாயகன் குடியிருப்பது அந்தக் கரையில்தான். தலைப்பின் பொருள், செத்துப்போன ப்ரூஜ்.

கதை இதுதான். ஹியூக் வியான் மனைவியை இழந்தவன். தன் துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காகவே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்து வந்து குடியேறுகிறான். மனைவியின் பொன்னிறக் கூந்தலைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் கும்பிடாத குறையாகப் பாதுகாக்கிறான். ஒருநாள் தெருவில் அச்சாக அவளைப் போலவே ஒருத்தி. பெயர் ஜேன், நாடக மேடையில் ஆடுபவள். அவளைச் சேர்த்துக்கொள்கிறான். செத்தவளின் பழைய உடையை அவளுக்கு உடுத்திப் பார்க்கிறான். உடை பொருந்தவில்லை, அவளும் பொருந்தவில்லை. புனித ரத்த ஊர்வலம் தெருவில் போகும் நாளில், வீட்டுக்கு வந்த ஜேன் அந்தக் கூந்தலை எடுத்து விளையாட, அதனாலேயே அவள் கழுத்தை நெரித்துக் கொல்கிறான்.

இந்த நாவலோடு ஊரின் புகைப்படங்களையும் சேர்த்து அச்சிட்டார்கள். புனைகதையில் அப்படிச் செய்த முன்னோடிகளில் ஒன்று இது. கால்வாய், பாலம், கோபுரம், பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இல்லாத கரை. இன்று ஜோடிகள் எடுக்கும் படங்களின் சட்டகம் ஏறக்குறைய அதேதான். மனைவியை இழந்தவனின் கண் வழியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஊரை நாம் தேனிலவுக் கண்ணோடு பார்க்கிறோம்.

ஊர் ‘செத்த’ கதைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ப்ரூஜைக் கடலோடு இணைத்த ஸ்வின் கழிமுகம் மண்மூடியது, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்கு நகர்ந்தது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் தப்பித்தன. வறுமை காப்பாற்றிக் கொடுத்த அழகு அது. ரோடன்பாக்கின் சித்திரம் உள்ளூர்க்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது துறைமுகமும் வேலையும். 1907இல் ஜீப்ரூஜ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறந்தது. நூறு வருஷம் கழித்து அதே துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்து ஆட்களை இறக்குகின்றன. தாங்க முடியாமல் 2019இல் நகர நிர்வாகம் ஒருநாள் பயண விளம்பரங்களை நிறுத்துவதாகவும், கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதாகவும் அறிவித்தது.

“சரிப்பா, ரெண்டு நாள் சந்தோஷமா இருக்கப் போறவங்களுக்கு எதுக்கு இந்த வரலாற்றுப் பாடம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலம் 1910ஆக இருந்தால் என்ன, கையைப் பிடித்துக்கொண்டு நிற்க அது போதும். பொய்யான பழமையில் உண்மையான அன்பு நடக்கக் கூடாதா? நடக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

என் குறை வேறு. ஹியூக் செய்த தப்பு சோகமாக இருந்தது அல்ல. எதிரில் உயிரோடு நிற்பவளை, ஏற்கெனவே மனதில் இருக்கும் ஒரு படத்துக்குப் பொருத்தப் பார்த்தது. இந்தப் பயணத் திட்டங்களும் மெல்லிய அளவில் அதையே செய்யச் சொல்கின்றன. இந்த இடத்தில் நில், இந்த நேரத்தில் முத்தமிடு, இந்த ஏரியில் உருகு. உங்கள் துணைக்கு அப்போது கால் வலிக்கலாம், பசிக்கலாம், அன்னத்தைக் கண்டாலே பயமாகவும் இருக்கலாம். படத்துக்குப் பொருந்தாத அந்த நிமிஷத்தில்தான் சண்டை வருகிறது. அந்த உடை பொருந்தாத சண்டையை ரோடன்பாக் அன்றே எழுதிவிட்டார்.

அந்த வகையில் ‘இன் ப்ரூஜ்’ என்ற 2008ஆம் ஆண்டுப் படம் எந்தப் பயணக் கட்டுரையையும்விட நேர்மையானது. ஒளிந்திருக்க அனுப்பப்பட்ட இரண்டு கூலிக்கொலையாளிகள். பெரியவன் கென் ஊரில் சொக்கிப்போகிறான், சின்னவன் ரே எரிச்சலில் முனகிக்கொண்டே இருக்கிறான். சேர்ந்து ஊர் சுற்றும் எந்த ஜோடிக்கும் இந்த நிலைமை தெரியும். ரேயை அங்கே அனுப்பியதன் பின்னணியும் கசப்பானது. சாவதற்கு முன் அவனுக்கு ஒரு அழகான நினைவு கிடைக்கட்டும் என்று முதலாளி நினைக்கிறான். ‘வாழ்நாளில் ஒருமுறை’ என்று விளம்பரங்கள் சொல்வதன் இருண்ட மறுபக்கம் அது.

அப்படியானால் என் திட்டம் என்ன? ஒருநாளில் வந்து ஓடாதீர்கள், இரவு தங்குங்கள். பகல் கூட்டம் சாயங்காலம் கிளம்பியபின் ஊர் உள்ளூர்க்காரர்களிடம் திரும்புகிறது. கிழக்கே சிந்த்-அன்னா பகுதிக்கு நடந்து, பழைய மதில் இருந்த கரையில் காற்றாலைகளைப் பாருங்கள். நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய் ஓரமாக டாம் வரை ஆறேழு கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம். வழியெல்லாம் மரங்கள்தான். இங்கே நில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஒரு இடம் மட்டும் கட்டாயம் என்பேன். க்ரூனிங்க அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு அடி உயரமே உள்ள சின்ன ஓவியம் ஒன்று இருக்கிறது. 1439இல் யான் வான் ஐக் தன் மனைவி மார்கரெத்தை வரைந்தது. என் கணவர் என்னை முடித்தார், எனக்கு வயது 33 என்று அவளே சொல்வதுபோலச் சட்டகத்தில் எழுதியிருக்கிறார். அவள் அழகியாக வரையப்படவில்லை. இறுகிய உதடு, நேரான பார்வை, கொஞ்சம் சந்தேகம். பேழையில் வைத்த கூந்தல் அல்ல இது, எதிரில் உட்கார்ந்திருந்த ஆளை அப்படியே பார்த்த ஒருவரின் வேலை.

இதே ஊரில் நாவலுக்கு நானூற்று ஐம்பது வருஷம் முன்னால் ஒரு கணவர் தன் மனைவியை இப்படிப் பார்த்திருக்கிறார். பயணத் திட்டங்களில் இது வந்தால், ‘மழை பெய்தால் அருங்காட்சியகம்’ என்ற வரியின் கீழ்தான் வரும். மழைக்குக் காத்திருக்காமல் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். படகு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.