மோசமான படங்களும் கூடவே நின்ற நண்பர்களும்

'தி ரூம்' படத்தில் ஒரு சந்துக் காட்சி வருகிறது. அதற்காக ஒரு செட் போடுகிறார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தால் அதே மாதிரி நிஜச் சந்து இருக்கிறது. அங்கேயே எடுத்துவிடலாமே என்று கேட்டால், இது அசல் ஹாலிவுட் படம் என்கிறார் இயக்குநர் டாமி வைசோ. 'தி ரூம்' உருவான கதையைச் சொல்லும், ஜேம்ஸ் ஃப்ராங்கோ இயக்கிய 'தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' (2017) படத்தில் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் இது. எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, அத்தனை பேர் கூடியிருந்த தளத்தில் அந்த மனிதரை உட்காரவைத்து, "வேண்டாம், விட்டுவிடு" என்று உரிமையோடு சொல்ல ஒருவர்கூட இல்லையே என்றும் தோன்றியது.

மோசமான படம் எடுப்பவர்களைப் பற்றிய படங்கள் இன்று தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. 'எட் வுட்' (1994), 'அமெரிக்கன் மூவி' (1999), ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017), 'டோலமைட் இஸ் மை நேம்' (2019), இந்தியில் 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' என்று நீளும் வரிசையில் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் காசு இல்லை, நண்பர்கள் இருக்கிறார்கள். 'தி ரூம்' கதை தலைகீழ். காசு கொட்டிக் கிடந்தது. நண்பன் என்று சொல்ல ஒரே ஒருவன். 'டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' ஜெயிப்பதும் சறுக்குவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் என்பது என் கட்சி.

2003 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் வெளியான 'தி ரூம்' படத்துக்கு எழுத்து, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாமே வைசோ. செலவு 60 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. பிறர் வாடகைக்கு எடுக்கும் கருவிகளை அவர் விலைக்கே வாங்கினார். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் அருகருகே பூட்டி, ஒரே காட்சியை இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். இரண்டு வார ஓட்டத்தில் வசூல் 1,800 டாலர். படத்துக்குப் பிறகு உயிர் கொடுத்தவை நள்ளிரவுக் காட்சிகள். செட்டில் சட்டம் போட்டு வைத்திருந்த ஸ்பூன் படம் திரையில் தெரியும்போதெல்லாம் ரசிகர்கள் பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசுவது அங்கே சடங்காகிவிட்டது.

அந்த ஒரே நண்பன் க்ரெக் செஸ்டெரோ. 1998இல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஒரு நடிப்புப் பயிற்சி வகுப்பில் இருவரும் சந்தித்தார்கள். டாம் பிஸ்ஸெல்லுடன் சேர்ந்து செஸ்டெரோ 2013இல் எழுதிய நினைவுநூல்தான் ஃப்ராங்கோ படத்துக்கு மூலம். நூலில் அன்பு இருக்கிறது. மூச்சு முட்டலும் இருக்கிறது. வீடு கொடுத்து, வாய்ப்புக் கொடுத்து, பதிலுக்கு நண்பனின் நேரம் முழுவதையும் கேட்கும் ஒரு மனிதர் அதில் வருகிறார். படத்தில் இது கூர்மையாகத் தெரியும் இடம் தாடிக் காட்சி. க்ரெக்குக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரில் சின்ன வேடம் வருகிறது. அதற்குத் தாடி வேண்டும். இரண்டு நாள் பொறுக்க டாமிக்கு மனமில்லை. க்ரெக் தாடியை மழித்துக்கொண்டு தளத்துக்கு வருகிறான். சம்பளக் காசோலையை மாற்றப்போகும் இன்னொரு காட்சியில், பணம் வருமா என்று ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் தயங்க, அந்தக் கணக்குக்கு ஆழமே கிடையாது என்கிறார் வங்கி ஊழியர். இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் டாமியின் உலகம் புரிந்துவிடும். பணத்தால் வாங்க முடிந்ததையெல்லாம் அவர் வாங்கிவிட்டார். வாங்க முடியாத ஒன்றைப் பிடித்துவைக்கப் போராடுகிறார்.

டாமியாக நடித்தவர் ஜேம்ஸ் ஃப்ராங்கோ. க்ரெக்காக அவருடைய தம்பி டேவ். ஸ்கிரிப்ட் சூப்பர்வைசராக 1999 முதலே உடன் நடித்துவந்த சேத் ரோகன். ஒரு தனிமனிதரின் கதையை ஒரு கும்பல் நண்பர்கள் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கலகலப்பு படம் முழுக்கப் பரவி, தனிமையை மூடிவிடுகிறது. முதல் காட்சி இரவில் அரங்கம் சிரிக்கிறது, டாமி உடைந்து வெளியேறுகிறார், க்ரெக் தேற்றுகிறான், உடனே அவர் மேடையேறிக் கைதட்டல் வாங்குகிறார். நிஜத்தில் பல வருட நள்ளிரவுக் காட்சிகள் கடந்து கிடைத்த வரவேற்பை ஒரே இரவில் முடித்துக்கொடுத்தது எனக்கு உவப்பாக இல்லை. அவமானத்தோடு வாழ்ந்த நாட்கள் கதையிலிருந்தே காணாமல் போகின்றன.

டிம் பர்ட்டனின் 'எட் வுட்' இதைவிட நுட்பமான படம். 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எடுத்த எட் வுட்டுக்கும், போதைப் பழக்கத்தில் நொந்துபோன பழைய டிராகுலா நடிகர் பெலா லுகோசிக்கும் இடையிலான நட்பே அதன் உயிர். லுகோசி 1956இல் இறந்த பிறகு, வுட்டின் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவர் முகத்தை மேலங்கியால் மறைத்துக்கொண்டு அவருக்குப் பதிலாக நடித்தார். உயரத்திலேயே ஆள் மாறியது தெரிந்துவிடும். சிரிக்கத்தான் செய்கிறோம். ஆனால் இறந்த நண்பனை இன்னொரு தடவை திரையில் வைத்துக்கொள்ளும் ஆசை அதில் இருப்பதை, லுகோசியாக வரும் மார்ட்டின் லாண்டாவின் நடிப்பைப் பார்த்தபின் மறக்க முடிவதில்லை. அந்த நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. எட் வுட் 1978இல் வறுமையில் இறந்தார். 'பிளான் 9' எல்லாக் காலத்திலும் மோசமான படம் என்று ஒரு நூல் பட்டம் சூட்டி அவரைப் பிரபலமாக்கியது 1980இல். 'எட் வுட்' படத்தின் திரைக்கதை இரட்டையரே எழுதி, எடி மர்ஃபி நடித்த 'டோலமைட்' இன்னும் உற்சாகமான படம்; ஆனால் அங்கே எல்லாம் சற்று எளிதாகவே கைகூடிவிடுகிறது.

இந்த வகையில் நான் முதலிடம் கொடுப்பது ஓர் ஆவணப்படத்துக்கு. க்ரிஸ் ஸ்மித்தின் 'அமெரிக்கன் மூவி', விஸ்கான்சினில் கடனில் உழலும் மார்க் போர்ச்சார்ட் ஒரு பேய்க் குறும்படத்தை முடிக்கப் படும் பாட்டைச் சொல்கிறது. ஒரு நடிகரின் தலை அலமாரிக் கதவை உடைத்துக்கொண்டு போக வேண்டும். மோதுகிறார்கள், கதவு அசையவில்லை. மறுபடி மோதுகிறார்கள். நடிகருக்கு நிஜமாகவே வலிக்கிறது, ஆனாலும் எழுந்து போகவில்லை. வயதான மாமா பில், தன் சேமிப்பிலிருந்து பணம் போட்டவர், குளிர் காலத்தில் ஒரே வசனத்தை டேக் மேல் டேக்காகச் சொல்லித் தளர்கிறார். மைக் ஷாங்க் என்ற நண்பர் அதிகம் பேசாமல் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்து நிற்கிறார். இவர்கள் யாரும் மார்க்கை மேதை என்று நம்பி வந்தவர்களாகத் தெரியவில்லை. மாமா பில் தன் சந்தேகத்தை முகத்துக்கு நேரே சொல்கிறார், பணமும் கொடுக்கிறார். டாமி வைசோவுக்கு வாய்க்காதது இதுதான்.

'ஒன் கட் ஆஃப் தி டெட்' ஏறக்குறைய 30 லட்சம் யென்னில் எடுக்கப்பட்டு ஜப்பானில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத, தடுமாற்றங்கள் நிறைந்த ஜாம்பி படம். பிறகு அந்தத் தடுமாற்றங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று காட்டுகிறார் இயக்குநர் ஷினிச்சிரோ உவேடா. கிரேன் கைவிட்டதும், ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரமாக நின்று உயரத்திலிருந்து எடுக்க வேண்டிய ஷாட்டை எடுக்கிறார்கள். எல்லோர் கால்களும் நடுங்குகின்றன.

நமக்குப் பக்கத்தில் மகாராஷ்டிரத்தின் மாலேகான். விசைத்தறி ஊர். நாசிர் ஷேக் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'மாலேகான் கே ஷோலே' எடுத்தபோது, குதிரைகள் வர வேண்டிய இடத்தில் சைக்கிள்கள் வந்தன. ஃபைஸா அகமது கானின் ஆவணப்படம் இவர்களை வெளியுலகுக்குக் காட்டியது. ரீமா காக்டியின் 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' 2025இல் கதைப்படமாகத் திரையரங்குக்கு வந்தது. அதில் எழுத்தாளர் ஃபரோக், எத்தனை நாள் அடுத்தவன் கதையை நையாண்டி செய்துகொண்டிருப்பது என்று நாசிரிடம் சண்டை போட்டுப் பிரிகிறார். ஷஃபீக் என்ற தறித் தொழிலாளி நண்பர் புற்றுநோயில் விழும்போது பிரிந்தவர்கள் மறுபடி கூடி, அவரையே சூப்பர்மேனாக்கிப் படமெடுக்கிறார்கள். 'டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' படத்திலும் க்ரெக் ஒருநாள் டாமியிடம் வெடிக்கிறான். அவன் முதலில் கேட்பது டாமி மறைத்த வயதையும் சொந்த ஊரையும் பற்றி. ஃபரோக் கேட்பது படத்தைப் பற்றி. நாசிருக்கு அது வலிக்கிறது, ஆனால் தன் படங்களைத் தன்னளவுக்கு நேசித்த இன்னொருவர் எதிரே நின்று கத்துகிறார் என்பதும் அவருக்குத் தெரிகிறது.